அழுத்திச் சொன்னால் அழியாது நிற்கும்

பத்தாம் வகுப்பு மாணவி, கொடும்பாளூர்



சென்ற ஆண்டு வெளியூரில் நடந்த ஓர் ஆங்கிலப் பேச்சுப் போட்டிக்கு நானும் சென்றிருந்தேன். எங்கள் ஊராகிய கொடும்பாளூரைப் பற்றியும், அங்குள்ள மூவர் கோயிலைப் பற்றியும் ஐந்து நிமிடம் பேசுவதாக ஏற்பாடு. பதினைந்து நாட்கள் இரவும் பகலும் மனப்பாடம் செய்தேன். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒப்பித்தால் எனக்கு அது தண்ணீர் பட்ட பாடு! ஆனால் மேடை ஏறி நான்கு வாக்கியங்கள் சொல்லி முடித்ததும், ஐந்தாவது வாக்கியம் எங்கோ ஓடி ஒளிந்துகொண்டது. எனக்கு வேண்டிய ஆங்கிலச் சொல் எஃப் என்ற எழுத்தில் தொடங்கும் என்பது மட்டும் நினைவில் இருந்தது. மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன், பிறகு "தேங்க் யூ" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். பேருந்தில் வீடு திரும்பும்போது சன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என் மனத்தைக் குடைந்துகொண்டே இருந்தது. தமிழில் நான் கேட்ட கதைகளும் பாட்டுகளும் மறப்பதில்லை. ஆங்கிலச் சொற்கள் மட்டும் ஏன் வழுக்கி விழுகின்றன? இந்த ஓராண்டில் அதற்குக் கிடைத்த விடையைத்தான் இக்கட்டுரையில் எழுதுகிறேன்.

அப்பாயி சொன்ன உண்மை

விடையின் முதல் பாதியைச் சொன்னவர் என் அப்பாயி. அவருக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. நான் மீண்டும் ஒப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாள் மாலை, முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "ஏம்மா, பயறு கொட்டுற மாதிரி எல்லாத்தையும் ஒரே சீராக் கொட்டுறியே! இதுல எது பெருசு, எது சிறுசுன்னு கேக்குறவுகளுக்கு எப்படித் தெரியும்? உனக்குத்தான் எப்படி நெனப்பு இருக்கும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மறுநாள் எங்கள் ஆங்கில ஆசிரியை சிஸ்டரிடம் இதைச் சொன்னபோது, அவர்கள் சிரிக்கவில்லை. "உன் பாட்டி சொன்னதுதான் சரி. ஆங்கிலத்தின் உயிரே அழுத்தத்தில் இருக்கிறது" என்றார்கள். பிறகு கரும்பலகையில் ஒரு சிறிய ஆங்கில வாக்கியத்தை எழுதினார்கள். "மேரி கேவ் மீ எ ரெட் பென்." மேரி எனக்குச் சிவப்புப் பேனா கொடுத்தாள் என்பது பொருள்.

இதில் 'மேரி' என்பதை அழுத்திச் சொன்னால், கொடுத்தவள் வேறு எவளும் அல்லள், மேரிதான் என்று பொருள். 'மீ' என்பதை அழுத்தினால், எனக்குத்தான் கொடுத்தாள், உனக்கு அல்ல. 'ரெட்' என்பதை அழுத்தினால், சிவப்புப் பேனாதான், நீலம் அல்ல. எழுத்தில் ஒரு மாற்றமும் இல்லை. குரல் மட்டுமே மாறுகிறது!

தோழியரே, நான் மேலே மூன்று முறை எழுதிய 'தான்' என்ற சொல்லைக் கவனித்தீர்களா? ஆங்கிலேயர் குரலால் செய்யும் வேலையை நாம் பெரும்பாலும் 'தான்' என்ற சொல்லாலும், 'ஏ' என்ற எழுத்தாலும் செய்துவிடுகிறோம். தமிழிலும் நாம் குரலை உயர்த்துவதுண்டு. ஆயினும் முக்கியமான சொல்லுக்குப் பின்னால் ஒரு 'தான்' நிற்பதால், குரல் சற்றுச் சோர்ந்தாலும் பொருள் கெடுவதில்லை. பவணந்தி முனிவர் நன்னூலில் ஏகாரத்திற்குச் சொன்ன பொருள்களுள் 'பிரிநிலை' என்பதும் 'தேற்றம்' என்பதும் உண்டு. ஒரு கூட்டத்திலிருந்து ஒன்றை மட்டும் பிரித்துக் காட்டுவது பிரிநிலை. ஐயமின்றி உறுதியாகச் சொல்வது தேற்றம். "இவளே பாடினாள்" என்றால், மற்றவர்கள் பாடவில்லை என்பதும் அதிலேயே அடங்கிவிடுகிறது.

நாம் ஆங்கிலம் பேசும்போது 'தான்' என்ற துணை இல்லை. அதற்குப் பதிலாக வரவேண்டிய குரல் அழுத்தத்தையும் நாம் போடுவதில்லை. இரண்டும் இல்லாமற் போனால், எல்லாச் சொற்களும் ஒரே உயரத்தில் நிற்கின்றன. அப்பாயி சொன்ன பயறு உவமை எவ்வளவு பொருத்தம்!

அழுத்தம் என்பது யாது?

அழுத்தம் என்றால் கத்துவது என்று பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. ஆங்கிலத்தில் ஓர் அசையை அழுத்தும்போது, அந்த அசையில் குரலின் சுருதி பெரும்பாலும் உயரும் அல்லது மாறும். ஒலி சற்று நீளும். சற்றுப் பலமாகவும் வரும். அதிலுள்ள உயிரொலி தெளிவாக ஒலிக்கும். அழுத்தம் பெறாத அசைகளோ சுருங்கி, மங்கிப் போகும். 'பனானா' என்று நாம் மூன்று அசைகளையும் சமமாகச் சொல்கிறோம். ஆங்கிலேயர் நடுவிலுள்ள 'னா'வை மட்டுமே நிறைவாகச் சொல்லி, முதலையும் கடைசியையும் விழுங்கிவிடுகிறார்கள்.

ஒரே குடும்பத்துச் சொற்களிலும் அழுத்தம் இடம் மாறும். 'போட்டோகிராப்' என்பதில் முதல் அசை அழுத்தம் பெறும். 'போட்டோகிராபர்' என்பதில் இரண்டாவது அசை பெறும். 'போட்டோகிராபிக்' என்பதில் மூன்றாவது அசை பெறும். இன்னும் ஒரு வேடிக்கை கேளுங்கள். 'பிரசென்ட்' என்ற சொல்லை முதல் அசையில் அழுத்தினால் பரிசு என்று பொருள். இரண்டாவது அசையில் அழுத்தினால் வழங்குதல் என்று பொருள்.

தமிழ் எழுத்து இவ்வகையில் நமக்குப் பெரிய உதவி செய்கிறது. குறிலா, நெடிலா என்பதை எழுத்தே காட்டிவிடும். பழைய ஓலைச்சுவடிகளில் எகர ஏகாரமும், ஒகர ஓகாரமும் ஒன்றுபோலவே தோன்றி வாசிப்பவரைத் திகைக்க வைத்தன. அவற்றை வேறுபடுத்தி எழுதும் சீர்திருத்தத்தைச் செய்தவர் இத்தாலியிலிருந்து வந்த நம் வீரமாமுனிவர் (1680 - 1747) என்பதை நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். ஆங்கில எழுத்துக்கோ அழுத்தத்தைக் காட்டும் அடையாளம் இல்லை. அகராதியில் மட்டும், அழுத்தம் பெறும் அசைக்கு முன்னால் ஒரு சிறு கோடு மேலே நிற்கும். அந்தக் கோட்டை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

இது சிறு பிழை என்று தள்ளிவிட முடியாது. ஐதராபாத்தில் 1958-இல் தொடங்கப்பட்ட மத்திய ஆங்கில நிறுவனத்தில் ஆர். கே. பன்சால் என்ற பேராசிரியர், இந்தியர் பேசும் ஆங்கிலம் பிறருக்கு எந்த அளவு புரிகிறது என்று ஆராய்ந்து, 1969-இல் நூலாக வெளியிட்டார். புரியாமற் போவதற்கு அவர் கண்ட முக்கியக் காரணங்களுள் ஒன்று, சொல்லில் அழுத்தம் தவறான இடத்தில் விழுவதே. அந்த நிறுவனம் இன்று ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகமாக வளர்ந்துள்ளது.

நினைவுக்கும் அழுத்தத்திற்கும் என்ன உறவு?

கேட்பவருக்குப் புரிவது ஒருபுறம் இருக்கட்டும். சொல்பவருக்கும் கேட்பவருக்கும் நினைவில் நிற்பதற்கு அழுத்தம் எவ்வாறு உதவுகிறது? இதற்கு அறிஞர் பலர் விடை தேடியிருக்கிறார்கள்.

ஜெர்மனியைச் சேர்ந்த எபிங்ஹாஸ் என்பவர் 1885-இல் நினைவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பொருளில்லாத அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து பார்த்தார். மறதி முதலில் மிக வேகமாகவும், பின்பு மெதுவாகவும் நடக்கிறது என்று கண்டார். நான் பொருளையும் அழுத்தத்தையும் மறந்து, ஒலியை மட்டும் உருப்போட்டேன் அல்லவா? எனக்கு என் பேச்சே எபிங்ஹாஸின் பொருளில்லாத அசைகளாகிவிட்டது!

1933-இல் ஜெர்மானியப் பெண் அறிஞர் ஹெட்விக் வான் ரெஸ்டார்ஃப் மற்றோர் உண்மையை வெளியிட்டார். ஒரே மாதிரியான பல பொருள்கள் அடங்கிய பட்டியலில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தால், அது மற்றவற்றைவிட நன்றாக நினைவில் நிற்கிறது. வெள்ளைச் சீருடை வரிசையில் ஒருத்தி மட்டும் சிவப்புப் பாவாடையில் வந்தால் நாம் மறப்போமா? வாக்கியத்தில் அழுத்தம் பெற்ற சொல்லும் அந்தச் சிவப்புப் பாவாடைக்காரிதான். ஆனால் எல்லோருமே சிவப்புப் பாவாடையில் வந்துவிட்டால்? ஒருத்தியும் தனித்துத் தெரியமாட்டாள். எனவே எல்லாச் சொற்களையும் அழுத்துவதும் ஒன்றையும் அழுத்தாமல் விடுவதும் ஒன்றே.

1966-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரவுன், மெக்நீல் என்ற இருவர், ஒரு சொல் நாக்கு நுனியில் நின்றுகொண்டு வராமல் தவிக்கும் நிலையை ஆராய்ந்தார்கள். அந்த வேளையில் மனிதருக்குச் சொல் வராவிட்டாலும், அதன் முதல் எழுத்து, அதில் எத்தனை அசைகள், அழுத்தம் எந்த அசையில் என்பவை பல சமயம் தெரிகின்றன என்று கண்டார்கள். அதைப் படித்தபோது நான் துள்ளிக் குதித்தேன். மேடையில் எனக்கு வராமற் போன சொல் 'பவுண்டேஷன்'. அடித்தளம் என்று பொருள். முதல் எழுத்து மட்டும் என் கையில் இருந்தது. அசை எண்ணிக்கையும், நடுவிலுள்ள 'டே'யில் விழும் அழுத்தமும் என்னிடம் இல்லை. ஏனெனில் நான் அச்சொல்லை மனத்திற்குள் வைத்தபோதே அழுத்தம் இல்லாமல்தானே வைத்தேன்! கிணற்றில் வாளி விழுந்துவிட்டால் பாதாளக் கரண்டி போட்டுத் தேடுவார்கள். கரண்டியில் கொக்கிகள் பல இருந்தால்தான் வாளி மாட்டும். அழுத்தம் அப்படிப்பட்ட ஒரு கொக்கி.

2010-இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் காலின் மெக்லியாடும் அவருடைய குழுவினரும், சில சொற்களை வாய்விட்டும், சிலவற்றை மௌனமாகவும் படிக்கச் செய்து பார்த்தார்கள். வாய்விட்டுப் படித்தவையே நன்றாக நினைவில் நின்றன. விளக்கு வைத்தவுடன் "சத்தம் போட்டுப் படி" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது வீண் பேச்சு அல்ல.

இவை எல்லாவற்றையும்விட என்னை வியக்க வைத்தது, அதே 2010-இல் அமெரிக்காவின் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரான்டார்ஃப், வாட்சன், பெஞ்சமின் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு. அவர்கள் சிறு சிறு ஆங்கிலச் செய்திகளைப் பலருக்குப் போட்டுக் காட்டினார்கள். அரிய குரங்கு ஒன்றை இங்கிலாந்து அறிஞரும் பிரான்சு அறிஞரும் தேடுகிறார்கள். முடிவில் ஒரு நாட்டவர் அதைக் காண்கிறார்கள். அந்த நாட்டின் பெயரை, "இவர்களே, மற்றவர் அல்லர்" என்று காட்டும் அழுத்தத்துடன் ஒரு முறையும், சாதாரணமாக ஒரு முறையும் பதிவு செய்திருந்தார்கள். பின்னர் கேட்டவர்களிடம் நினைவைச் சோதித்தார்கள். அழுத்திச் சொல்லக் கேட்டவர்கள், "கண்டது மற்ற நாட்டவர்" என்ற தவறான கூற்றை நன்றாக மறுத்தார்கள். ஆனால் செய்தியில் வராத வேறொரு நாட்டின் பெயரைச் சொன்னபோது, அதை மறுப்பதற்கு அந்த அழுத்தம் உதவவில்லை.

இதன் பொருள் என்ன? அழுத்தம் ஒரு சொல்லைப் பெரிதாக்கி உள்ளே வைப்பதோடு நிற்பதில்லை. "இதுவே, அது அல்ல" என்று இரண்டையும் பிரித்துச் சேர்த்து வைக்கிறது. தோழியரே, இது நம் நன்னூலின் பிரிநிலை அன்றோ! பவணந்தி முனிவர் ஓர் எழுத்தில் கண்ட வேலையை, ஆங்கிலேயரின் குரலில் இன்றைய ஆய்வாளர் கண்டிருக்கிறார்கள்.

சிவப்புப் பென்சில்

இவற்றை அறிந்த பின் சிஸ்டர் என் கையில் ஒரு சிவப்புப் பென்சிலைக் கொடுத்தார்கள். "ஒரு வாக்கியத்திற்கு ஒரு சொல்லை மட்டும் கோடிடு. அதற்கு முன், இது எது அல்ல என்று உன்னையே கேட்டுக்கொள்" என்றார்கள்.

என் பேச்சில் ஒரு பகுதி இது. மூவர் கோயிலைக் கட்டியவன் பூதி விக்கிரமகேசரி என்னும் இருக்குவேள் அரசன். ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னர், தன் பெயரிலும் தன் தேவியர் கற்றளி, வரகுணை ஆகிய இருவர் பெயரிலுமாக மூன்று கோயில்களை அவன் எடுப்பித்தான் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. இன்று நிற்பவை இரண்டு. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமே எஞ்சியிருக்கிறது.

சென்ற ஆண்டு, "திரீ டெம்பிள்ஸ் வேர் பில்ட், டூ ஆர் ஸ்டாண்டிங் டுடே" என்று ஒரே மூச்சில் உருட்டினேன். இப்போது 'திரீ' என்பதற்குக் கீழே ஒரு கோடு. 'டூ' என்பதற்குக் கீழே ஒரு கோடு. அடுத்த வாக்கியத்தில் 'பவுண்டேஷன்' என்பதற்குக் கீழே ஒரு கோடு. மூன்று கட்டப்பட்டன, இரண்டே நிற்கின்றன, மிஞ்சியது அடித்தளமே. இம்மூன்று சொற்களை அழுத்தியவுடன் அவற்றுக்கு இடையிலுள்ள சொற்கள், தாய்க்கோழியின் பின்னால் குஞ்சுகள் வருவதுபோல் தாமே வந்தன.

பாடங்களுக்கும் இம்முறை பயன்படும். வேதியியலில், ஆக்சிஜனேற்றம் என்பது எலக்ட்ரானை இழத்தல், ஒடுக்கம் என்பது எலக்ட்ரானை ஏற்றல் என்று படிக்கிறோம். ஆங்கில வழியில் படிக்கும் தோழியர், 'லாஸ்' என்பதையும் 'கெயின்' என்பதையும் அழுத்திப் படித்துப் பாருங்கள். ஒன்று மற்றொன்று அல்ல என்பதும் சேர்ந்தே மனத்தில் பதியும். பொருள் விளங்காமல் வெறுமனே அழுத்தினால் மட்டும் பயன் இல்லை என்பதையும் மறந்துவிட வேண்டாம். எதை அழுத்துவது என்று தீர்மானிக்கவே பொருள் தெரிய வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, புதிய ஆங்கிலச் சொல்லைக் கற்கும்போது பொருளோடு நின்றுவிடாமல், அகராதியிலுள்ள அழுத்தக் கோட்டையும் பார்க்க வேண்டும். இரண்டாவது, அந்த அசையில் மட்டும் மேசையை ஒரு தட்டுத் தட்டிச் சொல்லிப் பழக வேண்டும். மூன்றாவது, வாக்கியத்தில் தலையான சொல்லுக்கு மட்டும் கோடிட வேண்டும். நான்காவது, வாய்விட்டுப் படித்து, மறுநாள் புத்தகத்தைப் பாராமல் சொல்லிப் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது யோசனை பெற்றோர்களுக்கு. "எங்களுக்கு ஆங்கிலம் தெரியாதே, பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது?" என்று வருந்தும் தாய்மார்கள் நம் ஊர்ப் பக்கம் பலர். ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. பிள்ளை ஒப்பிக்கும்போது அருகில் உட்கார்ந்து கேளுங்கள். முடிந்ததும், உங்கள் காதில் தனியாக வந்து விழுந்த சொற்கள் எவை என்று திருப்பிச் சொல்லுங்கள். அச்சொற்கள் பிள்ளை கோடிட்ட சொற்களாக இருந்தால் அழுத்தம் சரி. எங்கள் வீட்டில் அப்பாயிதான் நடுவர். முதல் நாள், "ஒண்ணும் வெளங்கல" என்றார். பத்தாம் நாள், "திரீ, டூ, அப்புறம் என்னமோ டேசன்" என்றார். அதைக் கேட்டபோது, எனக்கு முதற்பரிசு கிடைத்தது போலவே இருந்தது!

மீண்டும் மேடையில்

இவ்வாண்டுப் போட்டியில் மறுபடியும் அதே பேச்சைப் பேசினேன். கால்கள் நடுங்கின. ஆனால் சொற்கள் நடுங்கவில்லை. கிடைத்தது இரண்டாம் பரிசு. பரிசைவிட எனக்கு மகிழ்ச்சி தந்த நிகழ்ச்சி ஒன்று அதன் பிறகு நடந்தது. கூட்டம் கலைந்தபின் வேறு பள்ளியைச் சேர்ந்த ஒரு சிறுமி என்னிடம் ஓடி வந்தாள். ஆறாம் வகுப்பு இருக்கலாம். "அக்கா, அந்த மூணாவது கோயில் என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

சென்ற ஆண்டு நான் பேசியதைக் கேட்ட எவரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. இவ்வாண்டு ஒரு சிறுமியின் மனத்தில், நிற்கும் இரண்டு கோயில்களோடு நில்லாத மூன்றாவதும் இடம் பிடித்துவிட்டது. என் ஊர்க் கோயிலின் வெறும் அடித்தளத்தை அவள் தன் ஊருக்குக் கொண்டு போனாள்.

இருக்குவேள் அரசன் தன் சொல் மறவாதிருக்கக் கல்லில் உளியால் வெட்டுவித்தான். நமக்குக் கல்லும் உளியும் வேண்டியதில்லை. இறைவன் தந்த குரல் இருக்கிறது. அதை ஒரே சீராகக் கொட்டிவிடாமல், இடம் அறிந்து அழுத்திப் பேசக் கற்போம். ஆங்கிலத்தைக் கண்டு அஞ்சும் என் தங்கையரே, உங்களிடம் குறை நினைவில் இல்லை. சிவப்புப் பென்சிலை எடுங்கள், ஒரு சொல்லுக்குக் கீழே கோடிடுங்கள், எழுந்து நின்று உரக்கச் சொல்லுங்கள். வெற்றி நமதே!